தீக்காயம் ஆறியாச்சு, பயிற்சி முடிஞ்சாச்சா?



தீக்காயம் பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் "கண்டம் தப்பியாச்சு" என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் புண் ஆறும்போதுதான் அடுத்த சங்கடம் ஆரம்பம். தழும்பு மெல்லச் சுருங்கும். மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட இப்படிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அக்குளில் பட்டிருந்தால் கையைத் தூக்க வராது. கழுத்தில் பட்டிருந்தால் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். வலிக்குப் பயந்து மடக்கியே வைத்திருந்தால் கை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் தினமும் பலமுறை நீட்டி மடக்கச் சொல்கிறார்கள்.

சொல்வது சுலபம். செய்யும்போது உயிர் போகிற வலி. பிள்ளை கத்தும், அம்மா மனசு கேட்காது. "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவோம்.

இந்த வலியைக் குறைக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு வழி கண்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1996ல் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய விளையாட்டின் பெயர் 'ஸ்னோ வேர்ல்ட்'. கண்ணை மூடுகிற ஒரு கருவியைத் தலையில் மாட்டினால் எங்கு பார்த்தாலும் பனிமலை. பென்குயின் மீதும் பனிமனிதன் மீதும் பனிப்பந்து எறிய வேண்டும். மூளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. கவனம் விளையாட்டுக்குப் போனால் வலிக்குக் கிடைக்கும் கவனம் குறையும். கட்டு மாற்றும்போதும் பயிற்சியின்போதும் வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வலி மருந்தை நிறுத்தவில்லை, அதோடு சேர்த்துத்தான் இதைக் கொடுத்தார்கள்.

இன்னொரு வகை, உடம்பை அசைத்தே ஆட வேண்டிய வீடியோ கேம். 2006ல் வந்த நிண்டெண்டோ வீ, 2010ல் வந்த கினெக்ட் இவையெல்லாம் அப்படித்தான். கையை வீசினால்தான் டிவியில் பந்து பறக்கும். பயிற்சியாளர்கள் இவற்றைத் தீக்காயப் பிரிவுகளிலும் பயன்படுத்தினார்கள். "பத்து தடவை கையைத் தூக்கு" என்றால் அழுகிற பிள்ளை, ஜெயிக்கணும் என்று இருபது தடவை தூக்கும்.

அதற்காக செல்போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்! அதில் கட்டைவிரல் மட்டும்தான் அசையும். கழுத்தில் காயம் உள்ளவர் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தால் கெடுதல்தான்.

கருவி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பலூனைக் கயிற்றில் உயரக் கட்டித் தட்டச் சொல்லலாம். கை எட்டும் இடத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அடுத்த வாரம் அதைத் தாண்டச் சொல்லலாம். எவ்வளவு, எப்படி என்பதைப் பிசியோதெரபி சொல்லித் தருபவரிடம் கேட்டே செய்யுங்கள். புதிதாகத் தோல் ஒட்டிய இடத்தை டாக்டர் சொல்லும்வரை அசைக்கக் கூடாது. ரத்தம் கசிந்தாலும் புண் பிளந்தாலும் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அடுப்படியில் தீப்பட்ட மருமகள் பலூன் தட்டினால் ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டுமே! கை மேலே போகாவிட்டால் அவள் தலை பின்னிக்கொள்ள முடியாது, கொடியில் துணி போட முடியாது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

நம் ஊரில் தீக்காயத்துக்குப் பின் கை, கழுத்து மடங்கிப் போனவர்கள் யார்? அவர்கள் பயிற்சியை ஏன் நிறுத்தினார்கள்? பஸ் செலவுதான் காரணம் என்றால், சங்கத்தின் உள்கடனில் அதற்கு இடம் கொடுத்துத் தீர்மானம் எழுதலாமா?