பத்துக்குப் பத்து அறையில் அந்தரங்க ஜெபம்

ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று மத்தேயு 6இல் இயேசு சொல்லியிருக்கிறார். தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் கோலி வீடுகளில் இருப்பதே ஒரு அறைதான், தங்கச்சி. அதற்குள்ளேயே அம்மா சமைக்கிறாள், அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார், தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான். இரும்பு ஏணி ஏறினால் மேலே வாடகைக்காரர். செம்பூரில் ஒன் பிஎச்கே வாங்கிப் போனவர்களுக்கும் ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்துவிட்டால் இதே கதைதான். வாலிபர் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதுவே: "அக்கா, தனியா ஜெபிக்க இடமே இல்லியே?"

இடம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, நீங்கள் கேட்கத் தயங்குகிற இன்னொன்றுக்கு வருகிறேன்.

முக்காடு போதும்

பேதுரு ஜெபிக்க ஏறியது மத்தியான நேரத்தில், வீட்டின் மேல்தளத்துக்கு. கீழே சமையல் நடந்துகொண்டிருந்தது என்றும் அப்போஸ்தலர் 10இல் இருக்கிறது. ஆக, சாப்பாட்டு வாசனைக்கு நடுவே ஜெபித்த முதல் ஆள் நீ இல்லை. ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா பத்தொன்பது பிள்ளை பெற்றவர். ஜெபிக்கத் தனியிடம் கிடைக்காமல் மேலங்கித் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாராம். அப்போது யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. நம் அம்மாக்கள் முந்தானையால் செய்வதும் அதுதான். உனக்கு ஒரு துப்பட்டா போதும். ஆனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவை: "முக்காடு போட்டிருந்தா பத்து நிமிஷம் கூப்பிடாதீங்க." சொல்லாமல் ஆரம்பித்தால் ஜெபம் சண்டையில்தான் முடியும்.

நேரம் என்றால், தண்ணீர் வருவதற்கு முன். தண்ணீர் பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் குடத்துக்குப் பின் துணி, துணிக்குப் பின் டிபன் டப்பா, அதோடு லோக்கல் ரயிலுக்கு ஓட்டம்.

லோக்கலிலும் ஜெபிக்கலாம். லேடீஸ் டப்பாவில் தாளம் தட்டி பஜனை பாடும் கோஷ்டிகளைப் பார்த்திருப்பாய். நீ சத்தம் போட வேண்டாம். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள். சயானில் ஏறி மாட்டுங்கா வரும்வரை அம்மாவுக்காக. மாட்டுங்கா தாண்டினால் உனக்குப் பிடிக்காத அந்த சூப்பர்வைசருக்காக. தாதரில் மட்டும் கண்ணைத் திறந்துவிடு, இல்லாவிட்டால் இறங்குகிற கூட்டம் உன்னையும் இறக்கிவிடும்.

மாஹிம் செயின்ட் மைக்கேல் கோயிலில் 1948 முதல் புதன்கிழமை நொவேனா நடக்கிறது. எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள், அன்றைக்கு உட்கார இடம் கிடைக்காது. வேறு நாளில் போ. மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா கோயிலும் இருக்கிறது. நான் சிஎஸ்ஐயில் வளர்ந்தவள்தான், ஆனாலும் சொல்கிறேன்: கத்தோலிக்கர் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தால் யாரும் உன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்கப் போவதில்லை.

இத்தனை பேருக்கு நடுவிலும் ஒளித்துவைக்கலாம்

இவ்வளவு நெருக்கத்தில் ஒருத்தர் என்ன பாவத்தை மறைத்துவிட முடியும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால்கூடத் தெரிகிற இடம் இது என்கிறார்கள். யோசுவா 7ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்வேன். இஸ்ரவேலர் கூடாரம் கூடாரமாக, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கிற பாளையத்தில்தான் இருந்தார்கள். அதற்கு நடுவே ஆகான் ஒரு பாபிலோனியச் சால்வையையும், இருநூறு சேக்கல் வெள்ளியையும், ஒரு பொன் கட்டியையும் தன் கூடாரத் தரைக்குள் புதைத்துவைத்தான். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு அந்தக் குழி போன்தான். ஒரே பாயில் நாலு பேர் படுத்திருக்க, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இயர்போனோடு ஒருத்தன் ராத்திரி வீடியோ பார்க்கலாம். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ரம்மி ஆடலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025இல் தடைச் சட்டம் வந்தது. ஆடுவதற்காக வாங்கிய கடனை எந்தச் சட்டமும் அடைக்கவில்லை. கல்யாணமான பின்பும் பழைய சிநேகிதனோடு அழித்து அழித்துச் சாட் செய்கிறவள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். போனே தேவைப்படாத பாவமும் உண்டு. கூடப் படித்தவளுக்கு வேலை கிடைத்த அன்று வாழ்த்துச் சொல்லிவிட்டு, வயிறு எரிய வீட்டுக்கு வருவது. அதை மறைக்கக் குழிகூடத் தோண்ட வேண்டாம்.

பெயர் சொல்லிக் கேள்

இங்கேதான் நான் அடித்துச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மறைந்த பாவம் பொதுவான வார்த்தைக்குள் நன்றாகப் பிழைத்துக்கொள்ளும். ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். நல்ல ஜெபம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் "பலவீனமானவள், தவறினவள், மன்னியும்" என்பதற்குள் எல்லாம் அடங்கிவிடுவதால் எதுவும் வெளியே வருவதில்லை.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், மிஷனரி அன்றீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் கொண்டுவந்த 'தம்பிரான் வணக்கம்'. இரண்டே வருடம் கழித்து, 1580இல், அவரே முத்துக்குளித்துறை மக்களுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று ஒரு தனிப் புத்தகமே அச்சடித்துக் கொடுத்தார். தமிழுக்கு அச்சு வந்த சூட்டோடு இது வந்தது என்றால், பாவத்தைச் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, ஜெபத்தில் வாக்கியத்தை முழுதாகச் சொல். யாரிடம், என்ன, எப்போது, எவ்வளவு. "பண ஆசையிலிருந்து காத்தருளும்" என்று முடிக்காதே. "சீட்டுப் பணத்தில் எண்ணூறு ரூபாய் எடுத்தேன், அம்மாவிடம் தொலைந்துவிட்டது என்றேன்" என்று சொல். வாயில் வராது. தொண்டை அடைக்கும். அந்த இடத்தில்தான் ஜெபம் ஆரம்பிக்கிறது.

"லூக்கா 18இல் ஆயக்காரன் பாவி என்று மட்டும்தானே சொன்னான், அக்கா?" என்று ஒரு புத்திசாலித் தம்பி கேட்பான். சரிதான். ஆனால் அவன் தொழிலே அவன் பாவத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, மறைக்க அவனிடம் எதுவும் இல்லை. அடுத்த அதிகாரத்தைத் திருப்பு. அங்கே இன்னொரு ஆயக்காரன் சகேயு கணக்கே போட்டுவிடுகிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. எண்ணூறு எடுத்தவள் எண்ணூறைத் திருப்பி வைக்க வேண்டும். முடியாவிட்டால் மாதம் நூறாக.

எழுதினால்தான் தெளிவு வரும் என்பவர்கள் எழுதலாம். ஆனால் டைரியில் வேண்டாம், கோலியில் டைரி பொதுச் சொத்து. துண்டுக் காகிதத்தில் எழுதி, ஜெபித்து, கிழித்துப் போட்டுவிடு. கூடவே 32ஆம் சங்கீதமும் 51ஆம் சங்கீதமும் படி. இரண்டாவது, பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கேட்ட பிறகு தாவீது பாடியது. ராஜாவுக்கே ஒருத்தர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

யாரிடம் சொல்வது, யாரிடம் கூடாது

ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5. ஒருவரிடம் போதும், சபை முழுவதற்கும் வேண்டாம். பெண் பிள்ளைகள் பெண்ணிடம் சொல்லுங்கள். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக, உன் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவளாக இருந்தால் நல்லது. அவளைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி உன்னிடம் என்ன சொல்கிறாள் என்று ஒரு மாதம் கவனி. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வெளியே சொல்லாதே" என்று ஆரம்பிக்கிறவளா? எழுந்து வந்துவிடு. ஊர்வம்புக்கு நம் சபைகளில் போட்டிருக்கும் உடுப்பு ஜெபக் குறிப்புதான். வாட்ஸ்அப்பிலும் எழுதாதே, ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பாவமன்னிப்பு கிடையாது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

பாஸ்டரோ ஐயரோ, ஆண் என்றால் கதவு திறந்திருக்கட்டும். ஐயரம்மாவும் கூட இருக்கட்டும். தனியாக வரச் சொன்னால் போகாதே. அபிஷேகம் பெற்றவர் என்று யாராவது சொன்னால், இரண்டு மடங்கு போகாதே.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். உனக்கு ஒருவன் செய்த கொடுமை உன் பாவம் அல்ல. சிறுவயதில் மாமாவோ, டியூஷன் வாத்தியாரோ, சபை மூப்பரோ கை வைத்திருந்தால், அதற்காக நீ மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. குடியோ, சூதோ, ராத்திரி வீடியோவோ, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனால், உபவாசத்தைக் கூட்டாதே. 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை, கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சயான் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்பவரிடம் அவர் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேள்.

உடனே சாட்சி சொல்லாதே

பாவத்தை விட்ட பத்தாம் நாள் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறவர்களைப் பார்க்க எனக்குப் பயம். பாவம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஒரு வருஷமாவது போகட்டும்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது புனே தாண்டி, தவுண்டுக்கு முன்னால் கேட்காவ் என்ற ஸ்டேஷனைக் கடப்போம். பண்டிதா ரமாபாயின் முக்தி மிஷன் இருக்கும் இடம். 1878இல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைப் பார்த்துப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் நம் பம்பாயில்தான் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். இத்தனைக்கும் பிறகு, தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று கண்டுகொண்டதாக அவரே தன் சாட்சியில் எழுதினார். உலகமே புகழும் ஒரு பெண் இதை எழுதித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1905 ஜனவரியில் முக்தியில் பெண்களைச் சேர்த்துத் தினசரி ஜெபம் தொடங்கினார். ஜூன் மாதம் அங்கே எழுப்புதல் வந்தபோது, பிள்ளைகள் அழுது தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள். ஆரம்பத்தில் ஜெபித்தவர்கள் சுமார் எழுபது பேர். எழுப்புதல் கூட்டம் என்று போஸ்டர் அடித்து ஆரம்பித்தது அல்ல.

நம் நெல்லைப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் அப்படித்தான். 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கை. அங்கிருந்தே எழுதிய புத்தகங்கள் உலகம் முழுக்கப் போயின. தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை நன்கொடையாளர் பெயரோடு நாற்காலி வாங்கிப் போடும் நம் சபைகளில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடி விழுந்தால்? விழுவாய், ஏட்டி. அன்றைக்கே, அதே ஆளிடம், அதே முழு வாக்கியத்தில் சொல். போனை ராத்திரி அம்மாவின் தலையணைப் பக்கம் சார்ஜில் போடு. காரணம் கேட்டால், தூக்கம் கெடுகிறது என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை.

ஜெபக் குறிப்பில் வராத ஒன்று

குடி வரும், கடன் வரும், கர்ப்பப்பைக் கட்டி வரும். சாதி மட்டும் எந்த வீட்டு ஜெபத்திலும் வராது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சபையையே விட்டுப் போனார்கள். அப்போது வெளியே சண்டை போட்டார்கள், இப்போது நாம் மரியாதையாக மறைத்துவைத்திருக்கிறோம். கிணறும் தெருவும் விட்டு ஓடிவந்து தாராவியில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், ஒரே அப்பத்தில் பிட்டுச் சாப்பிடுகிறோம். வரன் பார்க்கும் நேரத்தில் மட்டும் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து, "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்கிறார். நாமும் ஆமாம் என்கிறோம்.

உனக்கு வரன் பார்க்கும்போது அந்தப் படிவத்தில் சாதிக் கட்டம் இருக்கும். நிரப்புவதற்கு முன்னால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, இன்ன சாதியில்தான் மாப்பிள்ளை வேண்டும் ஆண்டவரே என்று, சாதிப் பெயரையும் சேர்த்து, வாய்விட்டு ஜெபித்துப் பார். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.