பற்றும் மனக்குறையும்

நுழையும்முன்

நெடுங்காலம் விரும்பிய ஒன்று மாறும்போது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே எழுவதுண்டு. போக்கிமான் என்னும் ஜப்பானியக் காணொளி விளையாட்டின் வரலாற்றைக் கொண்டு அவ்வுணர்வை ஆராய்கிறது இப்பாடம்.

விளையாட்டின் தோற்றம்

டோக்கியோ நகரை அடுத்த மச்சிதாவில் வளர்ந்தவர் சதோஷி தஜிரி. இளமையில் வயல்களிலும் குளக்கரைகளிலும் வண்டுகளைத் தேடிப் பிடிப்பது அவருக்குப் பெருவிருப்பம். நகரம் விரிந்தபோது குளங்கள் தூர்ந்தன, வயல்கள் கட்டடங்களாயின. தேடிக் கண்டடையும் அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் தர அவர் விழைந்தார். அவ்விழைவே போக்கிமானுக்கு வித்தாயிற்று.

1996 பிப்ரவரி 27 அன்று, கேம் பாய் என்னும் கைக்கருவியில் ஆடுவதற்கென 'சிவப்பு', 'பச்சை' எனும் இரு பதிப்புகள் ஜப்பானில் வெளிவந்தன. கற்பனை உயிரிகளைப் பிடித்து, பழக்கி, வளர்ப்பதே ஆட்டம். அவற்றின் எண்ணிக்கை 151. சில உயிரிகள் ஒரு பதிப்பில் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஒருவர் தனித்து ஆடி அனைத்தையும் சேர்த்தல் இயலாது. இரு கருவிகளை இணைப்புவடத்தால் பூட்டி, நண்பரோடு உயிரிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தோழமை இன்றி இவ்விளையாட்டு நிறைவு பெறாது.

உடன் வந்த தோழன்

பதிப்புகள் பெருகின. 2002இல் வெளிவந்த பதிப்பில் பிடித்த உயிரியை, அடுத்தடுத்து வந்த பதிப்புகளுக்கும் புதிய கருவிகளுக்கும் மாற்றிக்கொண்டே செல்ல முடிந்தது. பள்ளிச் சிறுவன் வளர்த்த உயிரி, அவன் வேலைக்குச் செல்லும் பருவத்திலும் உடன் வந்தது. இரசிகருக்கு அது ஆட்டக்காய் அன்று, இளமைத் தோழன்.

2019இல் இந்நிலை மாறியது. 'வாள்', 'கேடயம்' எனப் பொருள்படும் பெயர்களைக் கொண்ட பதிப்புகள் அவ்வாண்டு வெளிவந்தன. உயிரிகளின் தொகை அப்போது 800ஐக் கடந்திருந்தது. புதிய பதிப்புகளின் பட்டியலிலோ 400 உயிரிகளே இடம்பெற்றன. ஒவ்வோர் உயிரியையும் புதிதாக வடிவமைத்து அசைவு கொடுக்க வேண்டும். ஒன்றன் வலிமை மற்றொன்றை விஞ்சாதவாறு சமன் செய்யவும் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தல் இயலாது என்று படைப்பாளர்கள் விளக்கினர். காரணம் பொருத்தமானதே. எனினும், பல்லாண்டுகள் உடன் வந்த தோழனுக்குப் புதிய உலகில் இடமில்லை என்று அறிந்த இரசிகரின் துயரமும் பொய்யன்று. 2020இல் 200க்கும் மேற்பட்ட உயிரிகள் மீண்டும் சேர்க்கப்பட்டன. அப்போதும் சில விடுபட்டே நின்றன.

வியப்பும் வருத்தமும்

2022 நவம்பரில் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' எனும் பதிப்புகள் வந்தன. பரந்த நிலத்தில் விரும்பிய திசையில் செல்லும் உரிமை அவற்றில் கிடைத்தது, இரசிகர்கள் வியந்தனர். ஆனால் காட்சிகள் திக்கித் திக்கி நகர்ந்தன. உருவங்கள் சுவருக்குள் புகுந்தன. குறைகளுக்காக நிண்டெண்டோ நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அவ்விளையாட்டே முதல் 3 நாள்களில் உலகெங்கும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றதும் உண்மை.

குறை கூறிய பலரும் அதனை வாங்கினர். இஃது ஏன்? பற்றில்லாதவர் பிடிக்காததை விட்டு விலகிவிடுவார். பற்றுடையவரோ விலகவும் மாட்டாமல், வாளாவிருக்கவும் மாட்டாமல் தவிக்கிறார். ஆயினும், குறை தெரிந்தும் முதல் நாளிலேயே வாங்குவோர் மிகுந்தால், பொறுமையாகச் செப்பம் செய்ய நிறுவனம் ஏன் முனையும் என்னும் வினாவையும் அவர் எதிர்கொள்ள வேண்டும்.

மற்றொரு வினாவும் உண்டு. இன்று புதிதாக ஆடத் தொடங்கும் எட்டு வயதுச் சிறுமிக்கு விடுபட்ட உயிரிகளால் இழப்பு ஏதுமில்லை. அவளுக்கு எல்லாமே புதுமை. அவ்வாறாயின் பழைய இரசிகர் தேடுவது பழைய விளையாட்டையா, தம் இளமையையா? இரண்டும் கலந்தே இருக்கலாம். காட்சி திக்குவது விளையாட்டின் குறை. பத்து வயதில் கண்ட வியப்பு நாற்பதில் வாராதது எவர் குறையும் அன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்து பேசும் இரசிகரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. படைப்பின் பிழையைச் சுட்டலாம். படைத்தவரை இழித்தல் தகாது.

சொற்பொருள்

விழைவு – விருப்பம்
வித்து – விதை
இணைப்புவடம் – இரு கருவிகளை இணைக்கும் கம்பி
விஞ்சுதல் – மிகுதல்
வாளாவிருத்தல் – பேசாதிருத்தல்

பயிற்சி

1. போக்கிமான் விளையாட்டை ஒருவர் தனித்து ஆடி நிறைவு செய்ய இயலாதது ஏன்?
2. 2019இல் உயிரிகள் குறைக்கப்பட்டதற்குப் படைப்பாளர்கள் கூறிய காரணங்கள் யாவை? அவற்றை நீங்கள் ஏற்கிறீர்களா?
3. பிரித்து எழுதுக: அவ்விழைவு, தேடிக்கண்டு, இவ்விரண்டு.
4. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது உங்களுடன் கொண்டுவர இயலாத ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.