கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்த தண்ணீரும்

மகியங்கனையிலிருந்து கண்டிக்கு வரும் பாதையில், ஹசலக்கவைத் தாண்டியதும் 18 ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மரக்கறி மூடைகளோடு ஒரு பழைய வானில் ஏறியபோது, பாதி வளைவு தாண்டுமுன்பே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிறுத்தினோம், அதுவரை சரி. பிறகு சாக்கால் பொத்தி றேடியேற்றர் மூடியைத் திறந்தோம். நீராவி சீறி எம்மில் ஒருவரின் கை அவிந்தது. அதோடு விடாமல் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றினோம். எஞ்சினின் ஹெட் வெடித்தது. இடம்பெயர்ந்து வந்த எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வான் அது. கராஜில் அது கிடந்த நாட்களில் தக்காளி தோட்டத்திலேயே அழுகியது.

மூடி வெறும் மூடியல்ல. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் இருக்கிறது. திறந்தவுடன் அழுத்தம் போய், தண்ணீர் முழுவதும் ஒரே கணத்தில் பொங்குகிறது. ஆகவே எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள். மேற்குழாயைக் கையால் தொடக்கூடிய அளவுக்குச் சூடு தணிந்த பின்பே மூடியைத் திறக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்திருந்தால் நிரப்புவதோடு வேலை முடிவதில்லை. அது எங்கே போனது? வண்டிக்கு அடியில் ஈரமா? றப்பர் குழாய்கள் வெடித்துள்ளனவா? தண்ணீர்ப் பம்பில் கசிவா? தண்ணீர் குறையவில்லையென்றால் விசிறிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் அது வழுக்குகிறது. றேடியேற்றரின் இதழ்களில் சேறும் வைக்கோலும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

கிணற்றுத் தண்ணீரால் வரும் கேட்டைப் பலர் கவனிப்பதில்லை. உலர்வலயத்தில் தேநீர்க் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை நம் தாய்மார் நன்கறிவர். அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. வடித்த மழைத்தண்ணீர் மேல்; கூலன்ட் கலந்தால் துருவும் பிடியாது.

தேர்மோஸ்ற்றற்றைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருளைத் தின்னும். கழற்றியதை ஒரு சட்டித் தண்ணீரில் இட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்குமுன் அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

ஒயில் பார்க்கும் கம்பியில் பால் கோப்பி நிறம் தெரிந்தால், அல்லது புகைக்குழாயில் வெண்ணீராவி ஓயாமல் வந்தால், பெரும்பாலும் ஹெட் கஸ்கட் போயிருக்கும். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்தே கராஜுக்குக் கொண்டு போங்கள். கஸ்கட்டை மாற்றுமுன், ஹெட் வளைந்துள்ளதா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்க்கும்படி கூடவே நின்று கேளுங்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கஸ்கட் அடுத்த ஏற்றம்வரைதான் தாங்கும்.