வீட்டைக் காலி செய்வது வேறு, சொத்தைப் பிரிப்பது வேறு

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் தனியாக இருந்த எங்கள் அம்மா சென்ற மாதம் காலமானார். அப்பா முன்பே தவறிவிட்டார். உயில் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொல்கிறார். பீரோ சாவி அண்ணனிடம் இருக்கிறது. "உனக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று, பேங்கில் நாமினியும் நான்தான்" என்கிறார். இறந்துபோன தம்பிக்கு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் உண்டு. யாருக்கு என்ன உரிமை? எதைக் கழிக்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் இந்துக்கள் என்று கொண்டு சொல்கிறேன், மற்ற சமயத்தவருக்கு வாரிசுச் சட்டம் வேறு.

உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவுப்படி அம்மாவின் நகை, பணம், பண்டம் எல்லாம் மூன்று சம பங்கு: அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. தம்பி மனைவிக்கு மாமியார் சொத்தில் நேரடிப் பங்கு இல்லை. ஆனால் பிள்ளைகளின் காப்பாளர் அவர்தான். அவரை விட்டுவிட்டுப் பீரோவைத் திறக்காதீர்கள். கல்யாணத்தில் சீர் வாங்கியதால் உங்கள் பங்கு குறையாது.

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். வாங்கியதாலேயே அது அவருடையதாகிவிடாது. பங்குப் பத்திரங்கள் பற்றியும் 2023-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அம்மாவின் ஏடிஎம் கார்டை யாரும் பயன்படுத்த வேண்டாம். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வங்கிக்குத் தெரிவியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது வீட்டைக் காலி செய்வது மட்டும். பங்கு பிரிப்பதை அதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். மூன்று தரப்பும் இருக்கும் ஒரு நாளில் பீரோவைத் திறந்து, நகைகளை எடை போட்டு, போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். பொருள் யார் பொறுப்பில் போகிறது என்பதையும் அதிலேயே குறியுங்கள். பட்டுச் சேலை, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்கு விலை உண்டு. அவையும் பட்டியலில் வரட்டும். கட்டிய துணிமணி, மளிகைச் சாமான், பழைய பாய் தலையணையை எல்லாரும் சம்மதித்தால் கொடுத்துவிடலாம். இறந்தவர் வசமிருந்த பொருளை நேர்மையற்ற நோக்கில் எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 315-ஆம் பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. கையெழுத்திட்ட பட்டியல் இருந்தால் பேச்சு அதுவரை போகாது.

காகிதத்தை மட்டும் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். பாஸ்புக், டெபாசிட் ரசீது, எல்ஐசி பாண்டு, நகை அடகுச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருந்தால், நோட்டுப் புத்தகத் தாளில் எழுதியதும் உயில்தான். அப்படி ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன பங்குக் கணக்கு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு தாளையும் பார்த்த பிறகே கழியுங்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரு தேதி சொல்லி எழுத்தில் கொடுங்கள். பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைக்க அவருக்கு உரிமை இல்லை. வாடகை பாக்கி போக மீதமுள்ள அட்வான்ஸ் தொகையும் மூன்று பங்குக்குரியதே. அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

இதற்கிடையே இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தம்பியின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அண்ணன் சாவியைத் தர மறுத்தால் முதலில் குடும்பப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். நகைகளை விற்கவோ அடகு வைக்கவோ கூடாதென இடைக்காலத் தடையும் அதிலேயே கேட்கலாம்.