கஹோன் வந்துவிட்டதால் பேஸ் போய்விடுமா?

கேள்வி: ஐயா, திருமயம் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசித் திருவிழா மேடைகள்தான் எனக்குச் சோறு போட்டவை. இப்போது பெரிய ஆர்கெஸ்ட்ரா வைப்பது குறைந்துவிட்டது. கல்யாண வரவேற்போ, காதுகுத்தோ, பிறந்தநாளோ, எல்லாரும் 'அகூஸ்டிக் செட்' கேட்கிறார்கள். ஒரு கித்தார், மேலே உட்கார்ந்து அடிக்கும் மரப்பெட்டியான கஹோன் ஒன்று, பாட இரண்டு பேர், அவ்வளவுதான். என்னோடு வாசித்த கித்தார்காரரே அப்படி ஒரு குழு வைத்திருக்கிறார். "பேஸ் வேணாம் மாப்ளே, கஹோன்லயே அடி வந்துடுது" என்கிறார். அகூஸ்டிக் பேஸ் கித்தார் வாங்கினால் இந்தக் குழுக்களில் இடம் கிடைக்குமா? இல்லை, இருக்கிற பேஸை விற்றுவிட்டு கஹோன் பழகுவதா?
— வாசகர் ஒருவர், திருமயம்

பதில்: விற்காதீர்கள் தம்பி. அகூஸ்டிக் பேஸும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். கஹோனில் 'தும்' என்று அடி வருவது உண்மைதான். ஆனால் அந்த அடிக்குச் சுரம் கிடையாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். அவரை சி மேஜர் கார்டைப் பிடித்தபடி நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே சி வாசித்தால் அது சி மேஜராகவே இருக்கும். ஏ-வுக்கு இறங்குங்கள். அவர் விரல் ஒன்றும் அசையவில்லை, ஆனால் கேட்பவர் காதில் கார்டு ஏ மைனர் செவன் ஆகிவிடும், பாட்டின் முகமே மாறிவிடும். பாடுகிறவர் சட்டென்று உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எத்தனை கஹோன் வைத்தாலும் இது வராது. நாலு பேர் கொண்ட குழுவில் பேஸ் சும்மா கனம் கூட்டுகிற வாத்தியம் இல்லை, ராகத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிற வாத்தியம். ஆட்கள் குறையக் குறைய அதன் வேலை கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டம் எந்தப் பாட்டுகளைக் கேட்கிறது? எண்பதுகளின் இளையராஜா பாடல்களைத்தான். அந்தப் பாடல்களில் பேஸ் பல்லவிக்கு இணையாக இன்னொரு மெட்டாகவே ஓடுகிறது. சசிதரன் ராஜாவுக்கு வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எல்லா அகூஸ்டிக் குழுவும் வாசிக்கிறது. கித்தாரை மட்டும் அச்சாக எடுத்துவிடுகிறார்கள், கீழே நடக்கும் பேஸை விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கு ஏதோ குறைகிறது என்று தெரியும், எது என்று சொல்லத் தெரியாது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி அகூஸ்டிக் பேஸ் விஷயம். நாலு கம்பி பேஸின் லோ ஈ கம்பி விநாடிக்கு சுமார் 41 அதிர்வு. அந்த ஒலி அலையின் நீளம் ஏறத்தாழ 28 அடி. மடியில் வைத்து வாசிக்கும் ஒரு மரப்பெட்டியால் அவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் பலமாகத் தள்ள முடியாது. சாதாரண அகூஸ்டிக் கித்தாரின் பெட்டி நன்றாக முழங்குவதே 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். எர்னி பால் நிறுவனம் 1972-இல் 'எர்த்வுட்' என்று மிகப் பெரிய உடல் கொண்ட அகூஸ்டிக் பேஸ் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். அதன் பிறகும் மேடையில் வயர் இல்லாமல் அது எடுபடவில்லை. 1992-இல் எரிக் கிளாப்டனின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சியில் நேதன் ஈஸ்ட் வாசித்தது அகூஸ்டிக் பேஸ்தான். ஆனால் அங்கே எல்லா ஒலியும் ஒலிபெருக்கி வழியாகவே வந்தது. எப்படியும் வயர் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், கையில் இருக்கிற பேஸே போதும்.

அந்தக் காசில் 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சின்ன கோம்போ ஆம்ப் ஒன்று பாருங்கள். 50 முதல் 100 வாட் இருந்தால் நூறு பேர் உட்காரும் கூடத்துக்குத் தாராளம். சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் சரியாக வராதே என்று கவலைப்பட வேண்டாம். 82, 123 என்று அதன் மேல்சுரங்கள் கேட்டாலே நம் காது அடிச்சுருதியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். சத்தத்தை மரவாத்தியம் போல ஆக்க ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸில் இந்த இரண்டும் இருந்தன. சுரம் எழுந்து, நீண்டு இழுபடாமல் அடங்கிவிடும். கித்தாருக்கும் குரலுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

வாசிக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடியாபட்டி, ராயவரம், அரிமளம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் விசேஷம் நடந்தால் நீங்கள் உட்காரப்போவது சுண்ணாம்பு அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர்களுக்கும் கல் தரைக்கும் நடுவே. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 14 அடி இருக்கும் அறையில் உங்கள் லோ ஈ மட்டும் பூதம் போலக் கிளம்பும். பக்கத்து எஃப் கொஞ்சம் அடங்கும், ஜி காணாமலே போகும். அதனால் ஆம்பை மூலையில் வைக்காதீர்கள், தரையிலிருந்து ஒரு ஸ்டூல் மேலே தூக்கி வையுங்கள். முற்றத்தில் வானத்தைப் பார்த்து வாசிக்கும்போது கதையே வேறு. அடிச்சத்தமெல்லாம் மேலே போய்விடும், அங்கே சுவரை ஒட்டி வைப்பதே நல்லது. கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொரு சுரமாக மெதுவாக வாசித்தபடி கூடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்தச் சுரம் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சுரத்தை அன்று ஆக்டேவ் மேலே வாசித்துக்கொள்ளலாம்.

பெரிய மேடை குறைந்ததற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தபோது சின்னக் கச்சேரியின் சுகத்தையும் பல குடும்பங்கள் கண்டுகொண்டன. சுவரைத் தாண்டி அதிகம் போவது அடிச்சத்தம்தான் என்பதால் முதல் புகார் உங்கள் பேஸ் மீதுதான் வரும். குறைத்து வாசிக்கப் பழகினால்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

குறைத்து வாசிப்பதைக் கற்க நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. மிருதங்கத்தில் புதுக்கோட்டை பாணி என்று ஒன்று உண்டு. மான்பூண்டியா பிள்ளை வழி வந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். விரித்த கையளவுதான் இருக்கும் கஞ்சிரா. தோலை நனைத்து, அழுத்தம் மாற்றி வாசிக்கும்போது அது தரும் அடிநாதம் சபை முழுக்கக் கேட்கும். அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை, மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் பக்கமான தொப்பியின் நாதத்துக்கும் கும்கிக்கும் பேர்போனவர். தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்பி, மணிக்கட்டால் அழுத்தி வழுக்கும்போது எழும் அந்தக் கும்கி ஒலி பேஸ்காரனுக்குப் பெரிய பாடம். ஆலத்தூர் சகோதரர்கள், ஜி.என்.பி. கச்சேரிகளுக்கு அவர் வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. மறுபக்கமான வலந்தலையை மறந்து தொப்பியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாடகர் நீட்டும்போது அது எங்கே பேசாமல் இருக்கிறது, எந்த இடத்தில் ஒரே ஒரு கும்கி விழுகிறது என்று கவனியுங்கள். பிறகு ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து ஐந்துக்கு அதே மாதிரி வழுக்கிப் பாருங்கள். அடிக்கொரு தரம் வேண்டாம், வரியின் முடிவில் ஒரு தரம் போதும்.

கஹோன்காரரோடு தனியாக ஒரு மாலை உட்காருங்கள். அவருடைய 'தும்' விழும் இடமும் உங்கள் சுரம் விழும் இடமும் ஒன்றாக வேண்டும். அவர் நிறைய அடிக்கிற இடத்தில் நீங்கள் நீட்டிப் பிடியுங்கள். கித்தார்காரரிடம் கேப்போவை நாலு, ஐந்தாம் ஃப்ரெட்டில் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள், கீழ்த்தளம் காலியாகும். கீபோர்டு இருந்தால் இடது கையை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் கூச்சப்படாதீர்கள்.

நாலு பேருக்குப் பேசிய தொகையை ஐந்தாகப் பிரிப்பதில்தான் உங்கள் நண்பருக்குத் தயக்கம் என்று நினைக்கிறேன். நியாயமான தயக்கம் அது. அதனால் இரண்டு வேலை செய்கிறவராகப் போங்கள். பாடக் கற்றுக்கொள்ளுங்கள், துணைக்குரல் அளவுக்காவது. 'கோ' (2011) படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய ஆலாப் ராஜு பேஸ் வாசிப்பவர். இந்தியன் ஓஷன் குழுவின் ராகுல் ராம் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார். வாசித்துக்கொண்டே பாடுவது ஆரம்பத்தில் கையையும் வாயையும் சண்டைக்கு விடும். ஒரே சுரத்தை வாசித்தபடி பாடிப் பழகினால் மெல்ல வழிக்கு வரும்.

அடுத்த கச்சேரிக்குக் கூலி பேசாமல் மூன்று பாட்டுக்கு மட்டும் உட்காருகிறேன் என்று அவரிடம் கேளுங்கள். அதில் ஒன்று 'இளைய நிலா'வாக இருக்கட்டும். முதல் சரணம் நீங்கள் இல்லாமல், இரண்டாம் சரணம் நீங்கள் சேர்ந்து. முடிவை அவர் காதுக்கே விட்டுவிடுங்கள்.