குழு உளவளத்துணை: நடத்துபவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

மீள்குடியேறிய கிராமங்கள் சிலவற்றில், முன்பள்ளியிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ ஏழெட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து பேசும் குழுக்கள் நடைபெறுகின்றன. இவற்றை நடத்தும் உளவளத்துணையாளர் அறிவுரை சொல்ல வருபவர் அல்லர். ஒரேவகைத் துன்பத்தைச் சுமப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வழிசெய்து கொடுப்பதே அவரது பணி. அது இலகுவானதல்ல.

முதலாவது, இரகசியம். நகரத்து வைத்தியசாலையில் கூடும் குழுவில் பெரும்பாலானோர் அந்நியர். இங்கே பக்கத்து வளவுக்காரரும் மச்சாளும் அதே பாயில் இருப்பார்கள். இன்று சொன்னது நாளை கிணற்றடியில் பேசப்பட்டால் குழு அதோடு முடிந்துவிடும். அதனாலேயே, கேட்டதை வெளியில் கதைப்பதில்லை என்று முதல் நாளில் எல்லோரும் உடன்படுகிறார்கள். அப்படியும் நம்பிக்கை வராவிட்டால் உளவளத்துணையாளரிடம் தனியே நேரம் கேளுங்கள்.

இதைவிடக் கடினமானது, கணவனை இழந்த பெண்ணும் கணவன் காணாமற்போன பெண்ணும் ஒரே குழுவில் இருப்பது. ஒருவர் அந்தியேட்டி செய்து முடித்தவர். மற்றவர் பொட்டோடு காத்திருப்பவர். "இனி வரமாட்டார், மனதைத் தேற்றுங்கோ அக்கா" என்று ஒருவர் அன்போடுதான் சொல்வார். கேட்பவருக்கோ கணவனைத் தன் கையாலேயே சாகக் கொடுத்ததுபோல் இருக்கும். "கட்டாயம் வருவார்" என்பதும் உதவாது. உளவளத்துணையாளர் இரண்டையும் சொல்லமாட்டார். சொல்பவரையும் மெதுவாக நிறுத்துவார். அதைக் கல்நெஞ்சம் என்று எண்ண வேண்டாம். உண்மை தெரியாத ஒன்றுக்கு அவரால் முடிவு சொல்ல இயலாது. இயன்ற இடங்களில் இவர்களுக்கு வெவ்வேறு குழுக்கள் அமைப்பதே நல்லது.

ஒருவரே முழுநேரமும் பேசுவதும் சிலர் வாய் திறக்காதிருப்பதும் எல்லாக் குழுக்களிலும் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பதும் பங்குபற்றுவதே. மற்றவர் செல்லடியைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் நெஞ்சு படபடத்தால் எழுந்து வெளியே போகலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010 இல் வெளியிட்ட கட்டுரையில், போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துவதை விளக்கியுள்ளார். குழுவை நடத்துபவரும் பல இடங்களில் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்தான். உங்கள் கதையைக் கேட்டு அவர் கண்கலங்கினால் வியப்படைய வேண்டாம்.

குழுவுக்கு வருவோருக்கு நிவாரணப் பொருட்கள் வழங்கப்படுவதில்லை. வராதவர்களின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதுமில்லை. வீட்டில் யாருக்காவது சாகவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திராது, அன்றே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.