குளிர் மட்டுமா கொல்கிறது?



"பனிப்புயலில் கார் மாட்டிக்கிட்டா மனுஷன் ஏன்டா சாகணும்? ஹீட்டர் இருக்கு, டேங்க்கில் பெட்ரோல் இருக்கு, கண்ணாடியை ஏத்திவிட்டு உட்கார்ந்தா போதாதா?" ஒருநாள் இரவு ஹாஸ்டலில் எழுந்த கேள்வி இது. ஃப்ரிட்ஜுக்குள் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத நாங்கள் பதில் தெரியாமல் விழித்தோம். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பதிலில் பெரும்பகுதி நம்ம பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று.

முதலில் ஓர் உண்மைச் சம்பவம். பாகிஸ்தானில் முர்ரி என்ற மலை ஊர். உயரம் சுமார் 2,300 மீட்டர். 2022 ஜனவரி 7-ஆம் தேதி இரவு, பனி பார்க்க வந்த ஆயிரக்கணக்கான கார்கள் மலைச்சாலையில் அடைபட்டு நின்றன. சுமார் 4 அடி பனி கொட்டியது. மரங்கள் முறிந்து வழியை மறித்தன. மறுநாள் பார்த்தபோது குறைந்தது 22 பேர் தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். அவர்களில் 10 பேர் குழந்தைகள். குளிரோடு, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

வண்டி ஏன் நின்றுபோகிறது?

இதற்குப் பதில் உராய்வு. உராய்வுக் குணகம் காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 0.7; இறுகிய பனியில் 0.2, ஐஸ் மேல் 0.1. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் காரில் பிரேக் போட்டால், கணக்குப்படி தார்ச்சாலையில் 14 மீட்டரில் நிற்கும். பனியில் 49 மீட்டர், ஐஸ் மேல் 98 மீட்டர் ஓடும். காரை முன்னே தள்ளுவதும் இதே உராய்வுதானே? ஆகவே 10-க்கு 1 என்ற சாதாரண ஏற்றத்தில்கூட ஐஸ் இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு வண்டி குறுக்கே நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். பனி அள்ளும் எந்திரமும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இவ்வளவும் நடக்கும் வரை யாருக்கும் ஆபத்து புரிவதில்லை, 'கொஞ்ச நேரத்தில் கிளியர் ஆகிவிடும்' என்றே நினைக்கிறார்கள்.

சைலன்சர் செய்யும் வேலை

ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுகிறார்கள். வெளியே பனி ஏறி ஏறி சைலன்சர் வாயை மூடுகிறது. புகை வெளியே போக வழியில்லாமல் காரின் அடியில் தேங்கி, தரையில் உள்ள இடுக்குகள் வழியாகவும் புளோயர் வழியாகவும் உள்ளே வருகிறது. பெட்ரோல் முழுதாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அதில் இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிதானே என்று நம்பவும் முடியாது. அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும்.

இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், தூக்கம். களைத்துப் போனவனுக்கு அது சாதாரணத் தூக்கம் மாதிரியே இருக்கும். தூங்கினவன் எழுந்திருப்பதில்லை.

இறங்கி நடந்தால்?

அதுவும் ஆபத்துதான். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1977 ஜனவரி 28-ஆம் தேதி தொடங்கிய புயலில் புதிதாகக் கொட்டிய பனி அதிகமில்லை. உறைந்த ஈரி ஏரியின் மேல் கிடந்த பனியைக் காற்றே வாரிக்கொண்டு வந்து கொட்டியது. காற்றின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 110 கி.மீ. எதிரே நீட்டிய கை தெரியாத வெள்ளை இருட்டு. அந்தப் புயலில் இறந்தவர்கள் 29 பேர். அவர்களில் 9 பேர் பனியில் புதைந்த கார்களுக்குள் கிடைத்தார்கள். வெளியே இறங்கினால் திசை தெரியாது. உடல் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உடம்பு நடுங்கும், புத்தி தடுமாறும்.

அப்படின்னா என்னதான் செய்வது?

1. எச்சரிக்கை வந்தால் புறப்படவே கூடாது. இதுதான் முதல் மருந்து.
2. மாட்டிக்கொண்டால் காரை விட்டுப் போகக் கூடாது. தேடி வருபவர்களுக்கு ஆளைவிடக் கார் சுலபமாகக் கண்ணில் படும். பளிச்சென்ற துணி ஒன்றை வெளியே தெரியும்படி கட்ட வேண்டும்.
3. எஞ்சினை மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்சரைச் சுற்றிய பனியைத் தோண்டி எடுக்க வேண்டும். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இதனால் பெட்ரோலும் ஆறு மடங்கு நேரம் வரும்.
4. கம்பளி, தண்ணீர், தின்பண்டம், ஒரு மண்வெட்டி வண்டியிலேயே இருக்க வேண்டும்.

"நமக்கும் பனிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். பனியோடு இல்லை; அந்த வாயுவோடு உண்டு. ஒரு மழை நாளில், சாரல் அடிக்கிறது என்று ஷெட் கதவைச் சாத்திவிட்டு ஒரு பழைய எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு டியூனிங் பார்த்தவன் நான். தலை விண்விண்ணென்று வலித்தது. டீ குடித்தால் சரியாகும் என்று வெளியே போனேன். என்னைக் காப்பாற்றியது டீ இல்லை, வெளியே போனதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினில் கை வைக்கும் முன் கதவைத் திறங்கள் நண்பர்களே!